புதிதாக வாங்கிய கேம்பர் வண்டியை வீடு வரை ஓட்டி வருவது எப்படி?

பணம் கொடுத்தாயிற்று, சாவியும் கைக்கு வந்துவிட்டது. வீடோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி. காடு மேடு ஏறுகிற கேம்பர் (படுக்கை, சமையல் வசதி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி), அதிலும் பழைய வண்டி என்றால், இந்த முதல் ஓட்டம் முழுக்க வண்டியைச் சோதிப்பதற்குத்தான். போகிற வழியில் இரண்டு இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசையை மூட்டை கட்டி வையுங்கள்.

படி 1: காகிதங்கள்
காப்பீடு இன்றிலிருந்தே உங்கள் பெயரில் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் நின்றால் இழுத்துச் செல்லும் சேவை எடுத்திருந்தால், அதில் எடை, உயர வரம்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் காருக்கான திட்டம் பெரும்பாலும் இதற்குப் போதாது.

படி 2: டயர்
அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். கேம்பர்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். அதனால் பட்டன் தேயாமல் புதிதுபோல் இருக்கும், ரப்பர் மட்டும் கிழடு தட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, வயது பத்தை நெருங்கினாலோ, கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள், வண்டியிலேயே மூத்த டயர் பெரும்பாலும் அதுதான். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியின் எடைக்கு ஏற்ற அளவில் அடியுங்கள். முந்தைய உரிமையாளர் மணலில் ஓட்டக் காற்றை இறக்கி, அப்படியே விட்டிருக்கவும் கூடும்.

ஜாக்கி இந்த எடையைத் தூக்குமா, ஸ்பானர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: எடையும் உயரமும்
தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. பாதி நிரம்பிய தொட்டியோ வளைவில் அலம்பி வண்டியை ஆட்டும். சமையல் எரிவாயு சிலிண்டரை வால்விலேயே மூடுங்கள். அலமாரிக் கொக்கி, கூரைச் சன்னல், ஏறும் படி எல்லாம் பூட்டியாயிற்றா? கூரைமேல் உள்ள சோலார் பலகை, பெட்டி உட்பட உயரத்தை அளந்து, ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். தாழ்வான பாலத்தின் முன் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

படி 4: விற்றவர் ஊரிலேயே ஒரு சுற்று
வீட்டுத் திசையில் கிளம்பாமல், அதே ஊரைச் சுற்றி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, வெப்பமானி நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். பழுது பார்க்காமல் நகராதீர்கள்.

படி 5: சாலையில்
கியர் பக்கத்திலுள்ள இன்னொரு லீவரை 2எச்-இல் (2H, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வையுங்கள். 'நாலு சக்கரமும் இழுத்தால் பிடிப்பு கூடுமே' என்று காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (4H) போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. நாலு சக்கர இழுவையைத் தேவைப்படும்போது மட்டும் போடும் வகை வண்டிகளில், 4எச்-இல் முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. தாரில் வழுக்க இடமில்லாததால் அந்த இறுக்கம் முழுவதும் அச்சுகளிலும் அவற்றை இணைக்கும் பற்சக்கரங்களிலும் போய் விழும். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால், நடு டிஃபரென்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) பூட்டு விலகியிருந்தால் போதும்.

வேகம் 80-க்குள் இருக்கட்டும். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். டீசலும் அப்படியே கரையும். தலை கனத்த வண்டி என்பதால் பெரிய லாரி கடக்கும்போது ஒரு தள்ளு தள்ளும், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். இறக்கத்தில் கீழ் கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடாகிப் பிடிப்பு விட்டுப்போகும்.

படி 6: நிறுத்தங்கள்
சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை, கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். டேங்க் பாதியானதும் நிரப்புங்கள்; பழைய வண்டியின் எரிபொருள் முள்ளை நான் நம்புவதில்லை. வெகுநாள் நின்ற டேங்கின் அடிக்கசடு ஃபில்ட்டரை அடைத்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறும். மாற்று ஃபில்ட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது.

இருட்டினால் படுத்துவிடுங்கள். படுக்கைதான் பின்னாலேயே வருகிறதே!

படி 7: வீடு சேர்ந்தபின்
வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கறுப்புத் துளி இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில், பச்சை அல்லது இளஞ்சிவப்பு என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டாக இருக்கலாம். அட்டையை அப்படியே மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள்.