கார்டுக் கடனைக் குறைத்துக் கட்டக் கேட்டும் வங்கி பதில் போடவில்லையா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்த முதல் சில வருடங்களில் கிரெடிட் கார்டுக் கடனில் சிக்குவது நம்மவர்களிடையே சர்வசாதாரணம். வீட்டு அட்வான்ஸ், கட்டில் மெத்தை, பிள்ளைகளின் யூனிஃபார்ம், விசாக் கட்டணம் என்று எல்லாம் கார்டில் ஏறிவிடும். அப்புறம் வேலையில் ஷிஃப்டைக் குறைப்பார்கள், அல்லது ஊரில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வரும். மினிமம் தொகையைக்கூடக் கட்ட முடியாத மாதம் வந்ததும், "குறைத்துக் கட்டுகிறேன், வட்டியை நிறுத்துங்கள்" என்று வங்கிக்கு எழுதுகிறீர்கள். பதில் இல்லை. வருவதெல்லாம் கணினி அச்சிட்ட நினைவூட்டலும் தாமதக் கட்டணமும்தான்.

இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். "அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாங்களே முடிவு கட்டி, பணமும் கட்டாமல், வரும் கடிதங்களைப் பிரிக்கவும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதில் வரவில்லை என்பதற்காக உங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள் என்று ஆகாது. நீங்கள் சொன்ன தொகையைக் கட்டத் தொடங்க அவர்களுடைய சம்மதம் கையில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சம்பளம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். கார்டும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், கார்டுப் பாக்கிக்காக அந்தக் கணக்கிலிருந்து வங்கியே பணம் எடுத்துக்கொள்ள முடியும். வாடகைக்கு வைத்திருந்த பணம் அப்படிப் போய்விட்டால் மாதமே கவிழ்ந்துவிடும். எனவே கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் பேசிக் அக்கவுண்ட் (ஓவர்டிராஃப்ட் இல்லாத சாதாரணக் கணக்கு) ஒன்று திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். கார்டுக்கு டைரக்ட் டெபிட் (நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஏற்பாடு) இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இது ஏமாற்று வேலை இல்லை. கடன் ஆலோசகர்களே முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

அடுத்தது கணக்கு. வாடகை, கவுன்சில் டாக்ஸ், கேஸ், மின்சாரம், கோர்ட் அபராதம் ஆகியவை முன்னுரிமைக் கடன்கள். அவற்றைக் கட்டாவிட்டால் வீடோ மின்சாரமோ போகும், சிலவற்றில் சிறைவரைகூடப் போகலாம். கிரெடிட் கார்டு அந்த வரிசையில் வராது. போனில் யார் அதிகமாக நெருக்குகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அதிகம் நெருக்குபவர்கள் பெரும்பாலும் கார்டுக்காரர்கள்தான். அவர்களுக்குக் கட்டிவிட்டு வாடகையைத் தள்ளிப்போடுவது மிக மோசமான முடிவு.

எல்லா வரவு செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுக் கட்டுவது, சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்று எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தால் கணக்கில் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும், உங்களால் கட்ட முடியாத தொகையை நீங்களே ஒப்புக்கொண்டுவிடுவீர்கள். எவ்வளவு அனுப்பலாம், எதைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். மானம் போகிற விஷயமாக இதை நினைத்து மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வீட்டுக்குள் தெரிந்தால்தான் கணக்கு உண்மையான கணக்காக இருக்கும்.

மிஞ்சுவதை எல்லாக் கார்டுகளுக்கும் கடனின் அளவுப்படி பங்கிட வேண்டும். உதாரணமாக மூன்று கார்டில் £4,500, £2,700, £1,800 என்று மொத்தம் £9,000 கடன், மாதம் மிஞ்சுவது £60 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டு மொத்தக் கடனில் பாதி, எனவே அதற்கு £30. இரண்டாவதற்கு £18, மூன்றாவதற்கு £12. எந்த நிறுவனத்திற்கும் பாரபட்சம் காட்டவில்லை என்பது கணக்கிலேயே தெரியும். ஒன்றுமே மிஞ்சவில்லையா? மாதம் £1 தருகிறேன் என்று அடையாளத் தொகை எழுதுவதும் இங்கே வழக்கத்தில் உள்ளதுதான். வெட்கப்பட வேண்டாம்.

கடிதத்தை ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுங்கள். உங்கள் முழுப்பெயர், முகவரி, கார்டு எண், என்ன காரணத்தால் வருமானம் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்டுவீர்கள், எந்தத் தேதியிலிருந்து, வட்டியையும் கட்டணத்தையும் நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை, இணைப்பாக அந்த வரவு செலவுத் தாள். இவ்வளவு போதும். கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் கொடுத்து, அனுப்பியதற்கான அத்தாட்சிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகவே தருவார்கள். பின்னால் "கடிதமே வரவில்லை" என்றால் காட்டுவதற்கு அது இருக்கும்.

பதில் வராததற்குச் சில சமயம் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கும். அடிக்கடி நடப்பது இது: கார்டு கணவர் பெயரில், ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த மனைவி தன் பெயரில் கடிதம் எழுதுகிறார். வங்கி அவருக்குப் பதில் சொல்லாது, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி சொல்லவும் கூடாது. கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்திட வேண்டும். மகனோ மகளோ நண்பரோ பேச வேண்டுமானால் "இவர் என் சார்பில் பேசலாம்" என்று தனியாக அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். கூடவே இன்னொன்று: கூடுதல் கார்டு வைத்திருப்பவர் அந்தக் கடனுக்குப் பொறுப்பாளி இல்லை, கணக்கு யார் பெயரில் தொடங்கப்பட்டதோ அவர் மட்டுமே பொறுப்பு. இது தெரியாமல், கணவர் கார்டின் பாக்கியைத் தன் கடன் என்று நினைத்துத் தவிக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

முகவரி இதைவிட முக்கியம். புதிதாக வந்தவர்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை, ஆறு மாதம் கழித்து ஹாரோவில் ஒரு அறை என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். வங்கியில் பழைய முகவரியே இருக்கும். பதில் பழைய வீட்டு வாசலில், யாரும் எடுக்காத தபால் குவியலில் கிடக்கும். அதே குவியலில் கோர்ட் கடிதமும் கிடக்கலாம். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே பல சமயம் சட்டப்படி அது செல்லுபடியாகும், நீங்கள் பார்க்காமலே உங்கள் மீது தீர்ப்பு வந்துவிடும். வீடு மாறியதும் ஒவ்வொரு கார்டுக்கும் எழுதித் தெரிவியுங்கள், ராயல் மெயிலில் கட்டணம் கட்டித் தபாலைத் திருப்பிவிடவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையா? சொன்ன தேதியில் பணம் கட்டத் தொடங்குங்கள். ஸ்டேட்மெண்டில் வங்கியின் சார்ட் கோடும் கணக்கு எண்ணும் இருக்கும். உங்கள் புதிய கணக்கிலிருந்து அதற்கு ஸ்டாண்டிங் ஆர்டர் (மாதாமாதம் குறித்த தொகையை அனுப்பும் ஏற்பாடு) போட்டு, ரெஃபரன்ஸ் இடத்தில் கார்டின் 16 இலக்க எண்ணைக் கொடுங்கள். டைரக்ட் டெபிட்டில் எவ்வளவு எடுப்பது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள், ஸ்டாண்டிங் ஆர்டரில் அதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். £18 என்று எழுதியிருந்தால் மாதாமாதம் £18, தவறாமல். இந்தத் தொடர்ச்சிதான் பின்னால் யாரிடம் போனாலும் உங்களுக்காகப் பேசும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பல வருடமாகக் கட்டாமலும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும் கிடக்கும் பழைய கடன் என்றால், ஒரு பவுண்டுகூடக் கட்டுவதற்கு முன் ஆலோசனை கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடனுக்காக வழக்குப் போட ஆறு வருடக் காலவரம்பு உண்டு, இடையில் கட்டினால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

சில வாரம் பார்த்துவிட்டு இரண்டாவது கடிதம் போடுங்கள். முதல் கடிதத்தின் தேதி, இதுவரை கட்டிய தொகை, மற்ற கார்டுக்காரர்கள் யாராவது ஒத்துக்கொண்டிருந்தால் அந்த விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்தால் பிடிவாதமாக இருப்பவர்களும் இறங்கி வருவதுண்டு. போனில் நெருக்கினால், எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளச் சொல்லி எழுதுங்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேச வராதவர்கள் போனிலேயே பயந்துபோய் "சரி, சரி" என்று £100க்குத் தலையாட்டிவிடுவதை இது தடுக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் முறைப்படி புகார் கொடுங்கள். தலைப்பிலேயே "கம்ப்ளெய்ன்ட்" என்று போட்டு, வங்கியின் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.வின் விதிகள், கஷ்டத்தில் இருக்கும் வாடிக்கையாளரைப் பொறுமையோடும் உரிய அக்கறையோடும் நடத்த வேண்டும் என்று கடன் கொடுத்தவர்களைக் கட்டாயப்படுத்துகின்றன. வட்டியைக் குறைப்பது, நிறுத்துவது, அடையாளத் தொகையை ஏற்பது எல்லாம் அந்த விதிகளிலேயே உதாரணமாக உள்ளவை. புகார் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரத்திற்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். நமக்குச் செலவே இல்லை. இறுதிப் பதில் வந்துவிட்டால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்திற்குள் போக வேண்டும், இதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வங்கி நடந்துகொண்டது நியாயமில்லை என்று ஒம்பட்ஸ்மன் கருதினால், வட்டியையும் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொல்லலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடும் தரச் சொல்லலாம். வக்கீல் தேவையே இல்லாத இந்த வழியை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடன் வசூல் நிறுவனத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது என்று கடிதம் வந்தால் பதற வேண்டாம். அதே கணக்குத் தாள், அதே தொகை, புதிய பெயருக்கு. கதவைத் தட்டும் வசூல்காரருக்கு வீட்டுக்குள் வரும் அதிகாரம் கிடையாது. கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் பெய்லிஃப் என்பவர் வேறு, கார்டுக் கடனில் அவர் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகுதான் வர முடியும். உங்கள் கடன்தானா என்றே சந்தேகமாக இருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 78ஆம் பிரிவைச் சொல்லி £1 அனுப்பி ஒப்பந்த நகல் கேளுங்கள். அதைத் தரும்வரை அவர்களால் கோர்ட் மூலம் கடனை அமல்படுத்த முடியாது.

குறைத்துக் கட்டினால் கிரெடிட் ரிப்போர்ட் கெடும், இதில் ஒளிவுமறைவு இல்லை. டிஃபால்ட் (ஒப்பந்தப்படி கட்டத் தவறியதற்கான குறிப்பு) பதிவானால் அது ஆறு வருடம் இருக்கும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: பதியும் நிலை வந்துவிட்டால் சீக்கிரம் பதிவாவதே நல்லது, ஆறு வருடமும் சீக்கிரம் தொடங்கி முடியும்.

கோர்ட் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. வழக்குப் போடுவதற்கு முன் பதில் படிவத்தோடு ஒரு கடிதம் வரும், அதற்குப் பதில் சொல்ல 30 நாள். அதை விட்டுவிட்டால் அடுத்து கோர்ட் படிவமே வரும், அதற்கு 14 நாள்தான். கடன் உண்மை என்றால், படிவத்தில் ஒப்புக்கொண்டு மாதம் எவ்வளவு முடியும் என்று எழுதி, வரவு செலவைக் காட்டுங்கள். கோர்ட் தவணை போட்டு, நீங்கள் தவறாமல் கட்டினால் பெய்லிஃப் வரமாட்டார். படிவத்தைப் பிரிக்காமல் வைத்தால் முழுத் தொகையையும் உடனே கட்டச் சொல்லித் தீர்ப்பு வரலாம்.

மூச்சு முட்டுகிறது என்றால் இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மே மாதம் முதல் "பிரீத்திங் ஸ்பேஸ்" திட்டம் இருக்கிறது. ஆலோசகர் வழியாக விண்ணப்பித்து ஏற்கப்பட்டால், அதில் சேர்ந்த கடன்களுக்கு 60 நாள் வட்டி, கட்டணம், வசூல் நடவடிக்கை எல்லாம் பெரும்பாலும் நிற்கும். பதில் போடாத வங்கியையும் இது கட்டுப்படுத்தும், அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு, அங்கே காலவரம்பு ஐந்து வருடம், தனித் திட்டங்களும் உண்டு.

இத்தனைக்கும் இலவச உதவி இருக்கிறது: நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச், உங்கள் ஊர் சிட்டிசன்ஸ் அட்வைஸ். "கடனைப் பாதியாக்கித் தருகிறோம்" என்று கட்டணம் கேட்கும் கம்பெனிகளிடம் போகாதீர்கள், அதைத் தமிழில் பேசும் ஒருவரே சொன்னாலும்.

கடைசியாக விசா. "பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகைகள்) கிடையாது" என்று விசாவில் இருந்தாலும் கடன் ஆலோசனை கேட்பதில் தடையில்லை, அது அந்தப் பட்டியலிலேயே வராது. குடியுரிமைக்கான நன்னடத்தை விதிகளில், கடன் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் வழக்கமாக மறுப்பதில்லை, அடைக்கும் எண்ணமே இல்லாமல் கண்மூடித்தனமாகக் கடன் வாங்கியவர்களைத்தான் மறுக்கிறார்கள். ஆகவே கடித நகல், போஸ்ட் ஆபீஸ் சீட்டு, ஸ்டாண்டிங் ஆர்டர் போன ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், பாஸ்போர்ட் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். நேஷனல் டெட்லைன் எண் 0808 808 4000, கட்டணம் இல்லை. போன் பண்ணும்போது அந்த ஃபைல் பக்கத்தில் இருக்கட்டும்.