கடல்நீர் மீன் தொட்டியின் மணலைப் பகுதி பகுதியாகச் சுத்தம் செய்யுங்கள்

கடல்நீர் மீன் தொட்டியில் வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது, எப்படியும் வெளியேற்ற வேண்டிய அந்தத் தண்ணீரைக் கொண்டே, சைஃபன் குழாயால் (தொட்டி நீரைக் கழிவோடு உறிஞ்சித் தாழ்வான இடத்துக்கு இறக்கும் குழாய்) மணற்பரப்பில் கால் பங்கை மட்டும் சுத்தம் செய்து, அடுத்த வாரம் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மணல் துகள்களிலும் பாறைகளிலும் ஒட்டி வாழ்வதால், மணல் முழுவதையும் ஒரே நாளில் கிளறாமல் விட்டால் அவை குலையாமல் இருக்கும். தேங்கிய கழிவு மொத்தமாகக் கலங்கி நீரைக் கெடுக்கும் ஆபத்தும் குறையும். மாவு போன்ற நுண்மணல் குழாயில் ஏறிவிடும் என்பதால், மறுமுனையை விரலால் நெரித்து ஓட்டத்தைத் தணித்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக மணல் இட்ட தொட்டிக்கு இம்முறை பொருந்தாது: ஆக்சிஜன் இல்லாத அதன் அடிப்பகுதியில் நச்சான ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கக்கூடும் என்பதால், அங்கே மேற்பரப்பைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.