கிணற்று நீரும் மண்ணும்: மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் அதிக ஆழமின்றியே கிடைப்பதால், பழைய வாகனத் திருத்தகத்தில் சிந்திய எண்ணெயோ குப்பைமேட்டின் கசிவோ கிணற்றை எளிதாக எட்டிவிடக்கூடும். அத்தகைய இடத்தில் மாதிரி எடுப்பவர், மாசு குறைவெனக் கருதும் பகுதியில் தொடங்கி, மோசமான பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் புதிய கையுறை அணிந்து, மண் துளைக்கும் கருவியைக் கழுவிய பின்னரே அடுத்த குழிக்குச் செல்ல வேண்டும்.

குழாய்க்கிணற்றில் தேங்கி நிற்கும் நீர் நிலத்தடி நீரின் உண்மைத் தன்மையைக் காட்டாது. ஆகையால், வெப்பநிலை, பிஎச் அளவு, மின்கடத்துதிறன் ஆகியவை மாறாமல் நிலைக்கும் வரை மெதுவாக இறைத்துவிட்டுப் போத்தலை நிரப்ப வேண்டும். வேகமாக இறைத்தால் நீர் கலங்கும். நமது கரையோரத்தில் அடியிலுள்ள உவர்நீரும் மேலேறிவிடலாம்.

பலரும் தவறுவது போத்தலில்தான். பெற்றோல் போன்று ஆவியாகும் பொருளைச் சோதிப்பதற்கான நீரை, கண்ணாடிப் போத்தலில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாதவாறு விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். அதே சோதனைக்குரிய மண்ணை வாளியில் கொட்டிக் கலக்கவே கூடாது, ஏனெனில் தேடும் பொருள் கலக்கும்போதே ஆவியாகிவிடும். உலோகச் சோதனைக்குப் பிளாஸ்டிக் போத்தல் போதும். ஆய்வுகூடம் அதில் நைத்திரிக் அமிலம் இட்டுத் தந்திருந்தால், அழுக்கென நினைத்து அதைக் கழுவிவிடாதீர்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய தனிப் போத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸில் வைத்து, இடம், ஆழம், நேரம் ஆகியவற்றை அழியாத மையில் அவ்விடத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.