ரசிகர்களுக்கே சொந்தமான கால்பந்து கிளப்பைக் கீழ் லீக்கிலிருந்து மேலே ஏற்றுவது எப்படி?

இங்கிலாந்தில் லண்டன் நகரத்து விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு இடம் மாற்ற 2002 மே மாதம் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். இங்கிலாந்து லீக் அடுக்கின் ஒன்பதாம் படியில் இருந்த கம்பைண்ட் கவுண்டீஸ் லீக்கில் ஆட ஆரம்பித்து, ஒன்பது சீசன்களில் ஐந்து முறை மேலேறி 2011இல் நான்காம் படியான லீக் டூவை எட்டினார்கள். இதே வழியில் போக நினைப்பவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்று உண்டு: கோல் அடிப்பதால் மட்டும் கிளப் ஏறிவிடாது. மைதானமும் காகித வேலையும் அணியைவிட ஒரு சீசன் முன்னால் இருக்க வேண்டும்.

உரிமை யார் கையில்?

இரண்டு அமைப்புகள் தேவை. ஒன்று, ரசிகர்களின் சங்கம். இதைச் சமூகநலச் சங்கமாகப் பதிவு செய்வார்கள். மூன்று உறுப்பினர் இருந்தாலே பதிவு செய்யலாம். 2014ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் இதற்குப் பொருந்தும். மற்றொன்று, கிளப்பை நடத்தும் கம்பெனி. லீக்கில் இடம், ஆட்டக்காரர் ஒப்பந்தம், கடை, கேட் வசூல் எல்லாம் கம்பெனியின் பெயரில் இருக்கும். கம்பெனியின் பங்குகளைச் சங்கம் வைத்திருக்கும். விம்பிள்டனில் அந்தச் சங்கத்தின் பெயர் டான்ஸ் டிரஸ்ட்.

சங்கத்தில் ஒருவர் பத்துப் பவுண்டு போட்டாலும் பத்தாயிரம் போட்டாலும் ஓட்டு ஒன்றுதான். இதில் சமரசமே வேண்டாம். முதலில் பெரிய தொகை தருபவர் நல்லவராகவே இருப்பார். பத்து வருடம் கழித்து அவருடைய பங்கு யார் கையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எதற்கெல்லாம் உறுப்பினர்கள் ஓட்டுப் போடலாம் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். நிர்வாகக் குழுத் தேர்தல், மைதானத்தை விற்பது, கிளப்பின் பெயர், நிறம், சின்னம், பங்கு விற்பனை ஆகியவை உறுப்பினர்களுக்கு. யார் ஆடுவது, யாரை எடுப்பது என்பது மேனேஜருக்கு. 2008இல் எப்ஸ்ஃப்லீட் யுனைட்டெட் என்ற கிளப்பை இணையம் வழியே ஆயிரக்கணக்கானோர் தலைக்கு 35 பவுண்டு போட்டு வாங்கினார்கள். அணித் தேர்வுக்கே ஓட்டு உண்டு என்பதுதான் கவர்ச்சி. ஆனால் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள் அல்ல, மைதானத்துக்கு வராதவர்கள். அடுத்த வருடம் சந்தா புதுப்பிக்கும்போது கூட்டம் கரைந்தது, 2013இல் அந்த ஏற்பாடே முடிவுக்கு வந்தது. ஆட்டம் பார்க்க நடந்து வருகிறவர்தான் சந்தாவையும் விடாமல் கட்டுவார். உறுப்பினர் சேர்ப்பை ஊரிலிருந்து தொடங்குங்கள்.

பணக் கணக்கு

பட்ஜெட்டைக் கேட் வசூலிலிருந்து போடுங்கள். 22 அணி உள்ள டிவிஷனில் சொந்த மைதானத்தில் 21 லீக் ஆட்டம். சராசரியாக 500 பேர் 12 பவுண்டு டிக்கெட்டில் வந்தால் 1,26,000 பவுண்டு. இதை அப்படியே வருமானம் என்று எழுதுவதுதான் புதுக் கிளப்புகள் வழக்கமாகச் செய்யும் பிழை. டிக்கெட் விலைக்குள்ளேயே 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. அதைக் கழித்தால் கையில் நிற்பது 1,05,000. முதியோர், சிறுவர் சலுகை டிக்கெட்டுகளைச் சேர்த்தால் இன்னும் குறையும். அதில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கு ஒதுக்காதீர்கள். மழையில் ஆட்டம் தள்ளிப்போய்ச் செவ்வாய் இரவில் நடந்தால் கூட்டம் பாதியாகிவிடும். ஒரு குளிர்காலத்தில் இப்படி மூன்று நான்கு ஆட்டம் போவது சாதாரணம்.

கோப்பைப் பணத்தை பட்ஜெட்டில் சேர்க்கவே கூடாது. எக்ஸெட்டர் சிட்டியை 2003இல் ரசிகர் சங்கம் எடுத்துக்கொண்டபோது கிளப் கடனில் மூழ்கியிருந்தது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைட்டெடின் மைதானத்திலேயே 0-0 என்று சமன் செய்தார்கள். மறு ஆட்டம் எக்ஸெட்டரில். அந்த இரு ஆட்டங்களின் வருமானம் கடனை அடைக்கப் போனது, புது ஆட்டக்காரர் சம்பளத்துக்கு அல்ல. 2008லும் 2009லும் அடுத்தடுத்து மேலேறினார்கள். எதிர்பாராமல் வரும் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

சீசன் டிக்கெட் விலைக்கு, ரசிகர்களுக்கே சொந்தமான எஃப்.சி. யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டர் கிளப்பின் முறையைப் பாருங்கள்: ஒரு குறைந்தபட்சத் தொகை, அதற்கு மேல் அவரவர் முடிந்தது. வசதி உள்ளவர் கூடுதலாகத் தருகிறார், வேலை இழந்தவர் வெளியே நிற்க வேண்டியதில்லை.

ஆட்டக்காரர் காகிதம்

கீழ்ப்படிகளில் பலர் ஒப்பந்தமின்றி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆடுவார்கள். செலவு குறைவு. ஆனால் வேறு கிளப் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர்களிடம் பேசலாம். டிசம்பரில் நீங்கள் முதலிடத்தில் இருந்தால் அந்த நோட்டீஸ் வரும், அதுவும் உங்கள் முன்னணி கோல் வீரருக்கு. அணியின் முதுகெலும்பான நான்கைந்து பேருக்காவது ஒப்பந்தம் போடுங்கள்.

பதிவுப் படிவத்தில் 'முந்தைய கிளப்' என்ற கட்டத்தைச் செயலாளர் தன் கண்ணால் சரிபார்க்க வேண்டும். 2006-07இல் விம்பிள்டன் எடுத்த ஒரு தற்காப்பு வீரர் அதற்கு முன் கார்டிஃப் சிட்டியில் பதிவானவர். கார்டிஃப் வேல்ஸில் இருப்பதால் அது நாடு விட்டு நாடு மாற்றம். சர்வதேசச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. 18 புள்ளி பறிபோனது. மேல்முறையீட்டில் 3 ஆகக் குறைந்தாலும் கீழ்ப்படிக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிரோஃபி போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தகுதியில்லாத ஒருவர் பத்து நிமிடம் மாற்று வீரராக இறங்கினாலும் குற்றம் குற்றம்தான்.

மைதானம்

அணி எத்தனை புள்ளி எடுத்தாலும், அடுத்த படிக்குரிய தரத்தில் மைதானம் இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள். தர ஆய்வுக்குக் கெடு மார்ச் 31. அன்று உங்கள் அணி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே ஏறப்போகிறோமா என்று தெரியும் முன்பே வேலையை முடிக்க வேண்டும். முந்தைய கோடையிலேயே அளவு நாடா எடுத்துக்கொண்டு இறங்குங்கள்: ஆடுகளம் குறைந்தது 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம், பக்கக் கோட்டுக்கும் கம்பித் தடுப்புக்கும் 1.83 மீட்டர் இடைவெளி. குளியலறை, கழிப்பறை நீங்கலாக உடைமாற்றும் அறை 18 சதுர மீட்டர். விளக்கு வெளிச்சத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். பழைய மைதானங்களில் பெரும்பாலும் அளவு போதாமல் இருப்பது உடைமாற்றும் அறைதான். சுவரைத் தள்ளிக் கட்ட உள்ளாட்சி அனுமதி தேவைப்பட்டால் மாதங்கள் போய்விடும்.

செயற்கைப் புல் போடுவதா என்பதில் தொலைநோக்கு வேண்டும். வாரம் முழுக்க வாடகைக்கு விடலாம், மழையில் ஆட்டம் நிற்காது. ஆனால் லீக் டூவில் அதற்கு இடமில்லை. ஹாரோகேட் 2020லும், சட்டன் யுனைட்டெட் 2021லும் மேலேறியதும் செயற்கைத் தளத்தைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியிருந்தது.

வாடகை மைதானத்தில் நீண்ட நாள் இருக்காதீர்கள். விம்பிள்டன் ரசிகர்கள் பழைய கிளப்பை இழந்ததன் வேரே, அவர்களுடைய ப்ளவ் லேன் மைதானம் விற்கப்பட்டு, கிளப் அடுத்தவர் மைதானத்தில் ஒண்டியிருந்ததுதான். அதனால் புதுக் கிளப் 2003லேயே பங்கு வெளியிட்டு கிங்ஸ்மெடோ மைதானத்தைத் தன்வசப்படுத்தியது.

ஏறும் சீசன்

லீக் டூவுக்கு அடுத்த கீழ்ப்படியான நேஷனல் லீக்கில் 24 அணி, ஏறுவது இரண்டே. சாம்பியன் நேராகப் போகும், மற்ற இடத்துக்கு பிளே-ஆஃப். 2010-11இல் விம்பிள்டன் 90 புள்ளி எடுத்தும் இரண்டாமிடம்தான். க்ராலி 105 எடுத்திருந்தது. பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் லூட்டனுடன் 0-0, பெனால்டியில் 4-3 என்று வென்றுதான் ஏறினார்கள். 90 புள்ளி எடுத்த அணியும் அங்கே தோற்றிருக்கலாம். எனவே ஒப்பந்தங்களை 'ஏறினால் இவ்வளவு, ஏறாவிட்டால் இவ்வளவு' என்று இரு சம்பளத்தோடு எழுதுங்கள். போனஸ் தொகையைச் சீசன் தொடங்கும் முன்பே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

முதலீட்டாளர் வரும்போது

லீக் டூவை நெருங்கியதும் வாங்க ஆள் வரும். போர்ட்ஸ்மத் கிளப்பை 2013இல் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். 2017இல் லீக் டூ சாம்பியன் ஆன கையோடு, ஓட்டெடுப்பு நடத்தி அமெரிக்க முதலீட்டாளருக்கு விற்றார்கள். விம்பிள்டன் 2020இல் ப்ளவ் லேன் பகுதியில் புது மைதானம் கட்டப் பணம் போதாமல் நின்றபோது ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்றது. வட்டி வேண்டாம் என்பதிலிருந்து 4 சதவீதம் வரை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. நவம்பர் 3 அன்று அங்கே முதல் ஆட்டம் நடந்தது. எந்த வழியானாலும் முடிவு உறுப்பினர்களுடையதாக இருக்க வேண்டும். விற்பனைக்கு எத்தனை சதவீதம் பேர் ஓட்டுப் போட வேண்டும், அதில் எத்தனை சதவீதம் ஆதரவு வேண்டும், விவாதத்துக்கு எத்தனை வாரம் தர வேண்டும் என்ற மூன்றையும், வாங்க ஆளே இல்லாத காலத்தில் விதியில் எழுதி நிறைவேற்றிவிடுங்கள்.