கரண்ட் பில்ல குறைக்க எங்க பாக்கணும், யாரைக் கேக்கணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஏசி கடைக்காரரைக் கேட்டா பழசைக் குடுத்துட்டு புது ஏசி வாங்குங்கம்பாரு, சோலார்காரரைக் கேட்டா மூணு கிலோவாட் பேனல் போடுங்கம்பாரு, யூட்யூப்ல தேடினா சார்ஜரைப் பிடுங்கி வைங்கன்னு ஆரம்பிச்சு பெரிய லிஸ்ட்டே வரும். யார் சொல்றதும் முழுப் பொய்யில்ல, ஆனா உங்க வீட்ல கரண்ட் எங்க போகுதுன்னு அவங்க யாருக்கும் தெரியாது. அதனால முதல்ல உங்க பில்லும் மீட்டரும், அப்புறம் அரசாங்க வெப்சைட்டு, கடைசியா ஆளு. இந்த வரிசைல போனா ஏமாறுறது குறையும். நான் தமிழ்நாட்டு வீட்டை வச்சுதான் சொல்றேன்.

ஸ்டெப் 1: பழைய பில்லை எடுங்க

ஈபி சைட்லயோ ஆப்லயோ உங்க சர்வீஸ் நம்பர் போட்டு உள்ள போனா பழைய பில் விவரம் கிடைக்கும். ரூபாயைப் பாக்காதீங்க, யூனிட்டைப் பாருங்க, ஏன்னா ரேட் அப்பப்ப மாறும். ஒரு வருஷத்து யூனிட்டை பேப்பர்ல வரிசையா எழுதினாலே வெயில் காலத்துல எவ்ளோ ஏறுது, மழைக்காலத்துல எவ்ளோ இறங்குதுன்னு தெரிஞ்சிடும், அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஏசியும் ஃபேனும்தான்.

இதுல முக்கியமான இடம் 500 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 500க்குள்ள இருந்தா முதல் 200 யூனிட்டுக்கு சலுகை அதிகம், 500ஐ தாண்டிட்டா அந்தச் சலுகை குறைஞ்சிடும், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லாம கீழ இருக்கறதுக்கும் சேத்து அடி விழும். 510ல நிக்கிற வீட்டுக்கு 15 யூனிட் குறைக்கிறது பெரிய விஷயம், 350ல நிக்கிற வீட்டுக்கு அவ்ளோ இல்ல. ஈபி சைட்லயே பில் கால்குலேட்டர் இருக்கு, 495 போட்டுப் பாருங்க, 505 போட்டுப் பாருங்க, நான் சொல்றதை விட அது நல்லா சொல்லும்.

ஸ்டெப் 2: மீட்டர் லைட்டை எண்ணுங்க

இதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு புரியல, காசே ஆகாது. டிஜிட்டல் மீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு லைட் மினுக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும்னு 1600, 3200 மாதிரி ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு சாமானை மட்டும் ஓட விட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 3200 மீட்டர்னா எண்ணினதை 18.75ஆல பெருக்கினா வாட்ஸ் வந்துடும், 1600 மீட்டர்னா 37.5ஆல. ஃபேன் மாதிரி சின்னதுக்கு அஞ்சு நிமிஷம் எண்ணி அஞ்சால வகுத்துக்கோங்க, கணக்கு சரியா வரும்.

எல்லாம் ஆஃப் பண்ணியும் மினுக்கிட்டே இருந்தா, முதல்ல இன்வெர்ட்டரையும் செட்டாப் பாக்ஸையும் பாருங்க. அதையும் பிடுங்கிட்டு மினுக்குச்சுன்னா வயரிங்ல லீக் இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, அது பில் விஷயம் மட்டும் இல்ல, ஷாக் விஷயம்.

ஸ்டெப் 3: ஸ்டாரைப் படிக்கக் கத்துக்கோங்க

இதுக்கு சரியான இடம் பிஇஇ, அதாவது பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி, 2002ல மத்திய அரசு ஆரம்பிச்சது. சாமான்ல ஒட்டுற ஸ்டார் லேபிள் இவங்களோடதுதான். இவங்க சைட்ல மாடல் மாடலா ஒப்பிட்டுப் பாக்கலாம், கடைக்குப் போறதுக்கு முன்னாடியே பாத்துட்டுப் போங்க. ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க, லேபிள்ல எந்த வருஷத்துக்கான ஸ்டார்னு போட்டிருக்கும், அதைப் பாருங்க. விதியை இடையில இறுக்குவாங்க, அதனால பழைய அஞ்சு ஸ்டாரும் புது அஞ்சு ஸ்டாரும் ஒண்ணு இல்ல.

அதை விட முக்கியம் வருஷ யூனிட். ஏசி லேபிள்ல இருக்கற யூனிட் வருஷத்துக்கு 1600 மணி நேரம்னு வச்சுப் போட்ட கணக்கு. 800 யூனிட்னு இருந்தா மணிக்கு அரை யூனிட், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240. இப்ப அந்த 500ஐ நினைச்சுக்கோங்க. (18ல வச்சு போர்வை போத்திக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, 24லேயே வச்சு கூட ஃபேன் போடுங்க.)

ஃபேன்தான் எல்லாரும் விடற இடம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ், பிஎல்டிசி ஃபேன் (கம்மி கரண்ட்ல ஓடற மோட்டார் வச்ச புது வகை) சுமார் 30. தினம் 15 மணி நேரம் ஓடினா ஒரு ஃபேனுக்கே ரெண்டு மாசத்துல 40 யூனிட் மிச்சம். பகல் பூரா ஓடற ஹால் ஃபேனை முதல்ல மாத்துங்க, கெஸ்ட் ரூம் ஃபேனை மாத்தி ஒரு புண்ணியமும் இல்ல.

ஸ்டெப் 4: வீடு கட்டப் போறவங்களுக்கு மட்டும்

எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு 2018ல பிஇஇ ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தாங்க, சைட்ல கிடைக்கும். முழுசா படிச்சா தலை சுத்தும், இஞ்சினியர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க போதும். மொட்டை மாடி சூடு உள்ள இறங்காம என்ன பண்றீங்க? திறக்கிற ஜன்னல் எவ்ளோ? சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு தரை பரப்புல ஆறுல ஒரு பங்கு திறக்கணும்னு அதுல இருக்கு, 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி, வெண்டிலேட்டர், பால்கனி கதவெல்லாம் சேத்துதான். ஸ்லைடிங் ஜன்னல்னா பாதிதான் திறக்கும், அதையும் கணக்குல வைங்க.

ஸ்டெப் 5: இப்ப ஆளைக் கேளுங்க

மீட்டர் மேல சந்தேகம்னா உங்க ஏரியா ஈபி செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, ஃபீஸ் கட்டினா டெஸ்ட் பண்ணுவாங்க. பொதுவான ஈபி புகாருக்கு மின்னகம், 94987 94987, எந்நேரமும் எடுப்பாங்க. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்னா லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட்டுக்கு பிஇஇ சர்ட்டிஃபிகேட் வாங்கின எனர்ஜி ஆடிட்டரை வச்சுப் பாக்கறது லாபம், தனி வீட்டுக்கு அது தேவையில்ல, ஸ்டெப் 2 போதும்.

சோலாருக்கு மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் போர்ட்டல். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபா மானியம், பதிவு பண்ணின வெண்டர் லிஸ்ட்டும் அங்கயே இருக்கு. ஃபேனை மாத்தினதுக்கப்புறம் வர்ற யூனிட்டை வச்சு சைஸ் முடிவு பண்ணுங்க, முன்னாடி இல்ல.

பிளக்ல சொருகினா பாதி பில் குறையும்னு ஒரு டப்பா விக்கிறாங்க பாருங்க, அதை மட்டும் வாங்காதீங்க. பெரும்பாலும் உள்ள ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும், அது சாமான் இழுக்கற யூனிட்டை மாத்தாது, வீட்டு பில் யூனிட் கணக்குல வர்றதால பில்லும் குறையாது. நம்பலன்னா அதை சொருகி ஒரு நிமிஷம், கழட்டி ஒரு நிமிஷம் மீட்டர் லைட்டை எண்ணுங்க.