மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய ஒரு தாள்

துவைத்த துணிகள் மூன்று நாட்களாக வாளியிலேயே கிடந்தன. நாற்றம் எடுத்ததும் மறுபடி அலசினேன். மறுபடியும் காயப்போடாமல் விட்டுவிட்டேன். சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகை வரவில்லை, அதனால் இது மனச்சோர்வாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

கண்ணீரே இல்லாமலும் மனச்சோர்வு வரும். மனம் சோர்ந்து கிடப்பது, பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது, இவற்றில் ஒன்றாவது ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதியும், 2 வாரங்களுக்கு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கூடவே தூக்கமும் பசியும் மாறும், கவனம் சிதறும், காரணமில்லாத குற்ற உணர்வு வந்து உட்காரும்.

முதல்முறை தலைவலி என்று சொல்லிப் போனேன். "வேறு ஏதாவது தொந்தரவு?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்று சொல்லி, மாத்திரையோடு திரும்பிவிட்டேன். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்கும்போது வாய் தானாகவே "ஒன்றுமில்லை" என்றுவிடும். அதனால்தான் முந்தைய நாளே ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்கிறேன். எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், முன்பு செய்துவந்த எதெல்லாம் நின்றுபோனது, என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள், மதுப்பழக்கம் உண்டா, எல்லாவற்றையும் எழுதுங்கள். தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தில் சில நாட்கள் இருந்ததுண்டா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அப்படி இருந்திருந்தால் சிகிச்சையே வேறு. வாளித் துணிகளைப் பற்றியும் நான் எழுதியிருந்தேன். மருத்துவர் அந்த வரியில்தான் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் பொது மருத்துவரிடமே போகலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை கேட்பார். 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் தரலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 27. நோயை முடிவுசெய்வது மருத்துவர்தான், அந்த எண் அவருக்கு ஒரு துணை.

மாத்திரை தொடங்கினால் முதல் சில நாட்கள் குமட்டலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பலரும் அதற்குள், 'இது எனக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். குணமான பிறகும் பொதுவாக 6 மாதங்களாவது தொடரச் சொல்வார்கள். நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். பேச்சுவழிச் சிகிச்சையும் பலன் தருவதே. என் ஆலோசகர் முதல் வாரம் தந்த வேலை, வாளியிலிருந்து ஒரே ஒரு துணியை எடுத்துக் காயப்போடுவது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காதீர்கள். தனியே இருக்காமல் அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உடன் இருப்பவர்களும் இதை நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

"தைரியமாக இரு" என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. அக்கா மட்டும், "நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன், செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றால் போதும்" என்றாள். அன்று அந்தத் தாளையும் அவள்தான் தன் பையில் வைத்திருந்தாள்.