கல்லூரிக்குப் போய்க்கொண்டே முறுக்கு வியாபாரம்: தொடங்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்றபடி ஈப்போவில் டிப்ளோமா படிக்கும் நான், எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். முறுக்குப் பிழிய உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை பதிவு. வியாபாரம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். 18 வயது நிரம்பியவர்கள் அதன் இணையவழிப் பதிவுத் தளமான ஈஸிபிஸிலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட் என்பதால், முதல் ஆண்டுக்குச் சொந்தப் பெயரே போதும் என்பது என் கருத்து. முழுநேர மாணவர்களுக்குக் கட்டண விலக்குத் திட்டத்தை எஸ்எஸ்எம் நடத்தியிருப்பதால், பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, உணவைக் கையாளுவோருக்கான பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் முடித்துக்கொள்ளுங்கள். மாவு பிசைந்து கொடுக்கும் அம்மாவுக்கும் இவை தேவை.

விலை போடும்போது மாவு, எண்ணெய் மட்டுமன்றி கேஸ், சிவப்பு மூடிப் போத்தல், பெட்ரோல், உங்கள் கூலி அனைத்தையும் சேருங்கள். "சொந்தக்காரங்களுக்குமா இந்த விலை?" என்று கேட்கும் அத்தைமாருக்காக விலையைக் குறைத்துப் போட முடியாது.

இனி வருவதுதான் படிப்பைக் கெடுக்கக்கூடிய இடம். அடுப்படி வேலையைச் சனி, ஞாயிறுக்குள் அடக்கிவிடலாம்; ஆனால் ஆர்டர் எடுக்கும் வேலை, வாட்ஸாப் குரல் பதிவுகளாக, விரிவுரை நடக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். "தம்பி, போன வருஷம் மாதிரியே போட்டுடுப்பா" என்று ஒருவர் சொல்வார். அவர் போன வருடம் வாங்கியது என்ன என்பதைப் பழைய உரையாடலில் தேடி எடுப்பதற்குள் ஒரு பாடவேளை போய்விடும். ஆகவே ஆர்டரை கூகுள் ஃபார்மில் மட்டுமே ஏற்பது என்று முடிவு செய்யுங்கள். பெயர், தொலைபேசி எண், பலகார வகை, போத்தல் எண்ணிக்கை, எடுத்துக்கொள்ளும் நாள் ஆகிய ஐந்தைத் தவிர வேறெதையும் அதில் கேட்காதீர்கள். ஃபார்ம் நிரப்பத் தெரியாத பெரியவர்களிடம் போனில் கேட்டு நீங்களே நிரப்புங்கள். பாதிப் பணம் டுயிட்நவ் கியூஆர் (கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் முறை) வழியாக வந்த பிறகே ஆர்டர் உறுதி. அந்தப் பணம் வியாபாரத்துக்கென்றே வைத்த தனிக் கணக்குக்குப் போகட்டும். ஆர்டர் பட்டியலை வைத்துக்கொள்ளப் பலர் எக்ஸெலைப் பரிந்துரைப்பார்கள். கைப்பேசியிலேயே திறந்து பார்க்க கூகுள் ஷீட்ஸ்தான் எனக்கு வசதி.

தீபாவளிக்கு ஆர்டர் நிறுத்தும் தேதியைக் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தேர்வும் இறுதி ஒப்படைப்புகளும் வரும் வாரங்களை முதலில் அடித்துவிட்டு, மிஞ்சும் வார இறுதிகளில் எத்தனை போத்தல் நிரப்ப முடியுமோ அத்தனைக்கே ஆர்டர் எடுங்கள். எண்ணிக்கை நிரம்பிய அன்றே ஃபார்மை மூடுங்கள்.

பின்சேர்க்கை: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போட எஸ்எஸ்எம் பதிவே போதுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அதற்கு ஊராட்சி மன்ற உரிமம் தனியாக வேண்டும். எங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். தோட்ட லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) குடியிருப்பவர்கள், வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்பதால், அந்த முகவரியை வியாபார முகவரியாகக் கொடுப்பதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் எழுத்துவழி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.